மின்கட்டண ரசீது

சேர்ந்து வாழ்வதற்குச் சான்று கேட்கிறார்கள், ரொசாலி.
இருவர் பெயரிலும் ஒரு மின்கட்டண ரசீது
இருந்தால் நல்லதாம்.
மூன்று வருடம் தாண்டினால்
பத்தாண்டு அட்டை.

மார்சேயில் மீட்டர் உன் பெயரில்.
காரைக்காலில் என் அண்ணன் பெயரில்.

மொழிபெயர்ப்பாளர் சவரிராயன்
நம் கல்யாணச் சான்றிதழைப் பிரெஞ்சில் அடிக்கிறார்.
திருமலைராயன்பட்டினம்
கட்டங்களுக்குள் அடங்கவில்லை.
கடைசி நாலு எழுத்து வெளியே நிற்கிறது,
தூதரக வாசலில் டோக்கனோடு நான் நின்ற மாதிரி.

ஒன்று உண்டு, எந்தக் கட்டத்தில் எழுதுவது?
போன ஐப்பசியில் அரசலாறு ஏறி
வீட்டுக்குள் வந்த இரவு.
கரண்ட் இல்லை.
உன் பாஸ்போர்ட்டை அரிசி டின்னில் போட்டு மூடி,
மிதந்துவிடாமல் இருக்க
மாற்றி மாற்றி அதன்மேல் உட்கார்ந்திருந்தோம்
விடியும்வரை.

அந்த மாதம் பில் குறைந்திருந்தது.
அண்ணன் பெயருக்குத்தான் வந்தது.