தேர்வு

பிடித்ததைச் சொல், மிச்சத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்
என்கிறாய், ரொக்கியா.
ஜோகூருக்கு வீடு மாறுகிறவள் நீ.
இசைத்தட்டுகள் நாற்பத்தொன்று.
ஒவ்வொன்றுக்கும் நீ பாதிக் காசு, நான் பாதி.
ஐம்பது வருஷத்தில் ஒருதரம்கூட
எந்தப் பாதி யாருடையது என்று பார்த்ததில்லை.

தோ பாயோ தொழிற்சாலையில்
இரைச்சலைப் பிடிப்பதுதான் நம் வேலை.
காதில் ஹெட்ஃபோன், விரல் நுனியில் சிவப்பு ஸ்டிக்கர்.
உறுமுகிற ரேடியோ குப்பைப் பெட்டிக்கு,
உறுமாதது கப்பலுக்கு.
சூப்பர்வைசர் சொல்வார்:
சுத்தமான ஒலி என்றால்
ரேடியோ ஒன்று இருப்பதே தெரியக்கூடாது.

அந்த ஞாயிறு சுங்கை ரோட்டில்
செம்பவாங் தளத்தைக் காலி செய்த வெள்ளைக்காரர்களின்
சாமான்கள் பாயில் பரந்து கிடந்தன.
டென்னிஸ் மட்டை, தேநீர்க் கோப்பை, ஒற்றைக் கால் பூட்ஸ்,
நடுவில் அது.
ஆரஞ்சு யானையின் காதுக்குள்
பச்சை முகத்துப் பெண் உறங்கும் அட்டை.
எழுத்தெல்லாம் உருகி வழிந்திருந்தது,
பெயரைப் படிக்க முடியவில்லை.
இன்றைக்கும் அது நமக்கு வெறும் ‘யானை’.
இரண்டு வெள்ளி சொன்னான். ஒன்று நாற்பதுக்குக் கொடுத்தான்.

உன் அண்ணனின் ப்ளேயரில் ஊசி இறங்கியதும்
நாம் இருவரும் ஒரே நேரத்தில்
இல்லாத சிவப்பு ஸ்டிக்கருக்குக் கை நீட்டினோம்.
கித்தார் உறுமியது,
கண்டென்சர் செத்த ரேடியோ மாதிரி.
வாரம் முழுக்க நாம் வீசியெறிகிற சத்தத்தை
எவனோ பொறுக்கியெடுத்து
நீட்டி, முறுக்கி, பின்னால் ஓடவிட்டு
பதினோரு நிமிஷம் வாசித்திருந்தான்.
நீ சிரித்தாய்.
எனக்கு அடிவயிற்றில் ஏதோ புரண்டது.
மறுநாள் மூன்று ரேடியோக்களை
உறுமலோடே கப்பலேற்றினேன்.
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

‘மூணு நிலா’வை நீயே வைத்துக்கொள்.
அதில் ஒருவன் சிதாரைத் தேமல் சொறிவதுபோல் சொறிவான்.
கதவோரம் நின்று கேட்ட என் அப்பா,
பாவம், அந்தப் பிள்ளைக்கு
யாராவது வாசிக்கச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா என்றார்.
அந்தச் சொறியலும் எனக்கு உயிர்.
ஆனாலும் நீ வைத்துக்கொள்.

‘கண்ணாடி மீன்’ உனக்கு.
இரண்டாம் பக்கத்தில் மழை பெய்யும், ஆர்கன் நனையும்.
நிஜ மழை நாளில் போட்டால்
எது புளோக்கின் கூரையில் விழுகிறது,
எது ஸ்பீக்கரில் விழுகிறது என்று தெரியாது.
காயப்போட்ட துணியை எடுக்க
இரண்டு முறை ஓடியிருக்கிறேன், வெயிலில்.

யானையும் உனக்குத்தான்.
ஆமாம், யானையும்.

‘குடை’ மட்டும் எனக்கு வேண்டும்.

நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது.
குடை நாற்பத்தொன்றிலும் மட்டமானது.
ட்ரம்ஸ்காரன் தூங்கிவிட்டான், பாடுகிறவனுக்குச் சளி,
ஏழு நிமிஷம் ஒரு கடிகாரத்தைக் கேட்கவைக்கிறார்கள்.
எல்லாம் சரி.

உன் அண்ணன் ஜொஹாரி
தபால் நிலையத்தில் வரிசைக்குக் கடைசியில் நின்றது நினைவிருக்கிறதா?
நீண்ட முடிக்காரருக்குக் கடைசியில்தான் சேவை
என்று படம் போட்டு ஒட்டியிருந்த வருஷம்.
மூன்று மாதம் நின்றான். பிறகு வேலை வேண்டியிருந்தது.
உங்கள் வீட்டு அடுப்படியில்
செய்தித்தாள் விரித்து நீதான் வெட்டினாய்.
கத்தரிக்கோல் சத்தம் கேட்கக்கூடாது என்று
கையில் அகப்பட்ட தட்டைப் போடச் சொன்னான்.
அகப்பட்டது குடை.

செய்தித்தாளை மடித்துக் கொட்டப் போனாய்.
அதற்குள் ஒரு சுருளை எடுத்து
அட்டைக்குள் நழுவவிட்டேன்.
அவன் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
அந்தக் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷம் அவனை அடக்கம் செய்த மறுநாள்
அட்டையைத் திறந்து பார்த்தேன்.
கறுப்பாகவே இருக்கிறது, ரொக்கியா.
நம்மைப் போல நரைக்கவில்லை.

தட்டை வேண்டுமானால் உருவி எடுத்துக்கொள்.
அட்டை போதும்.