தலைக்கு இவ்வளவு

சிவப்பு வழியில் யாரும் வருவதில்லை.
பச்சையில் போகிறவர்களை நாங்கள்தான்
விரல் நீட்டிக் கூப்பிட்டுச் சிவப்பாக்க வேண்டும்.
பதினேழு வருடப் பழக்கத்தில் சொல்கிறேன்:
சீட்டியடித்துக்கொண்டு வருகிறவன் பையில்
கட்டாயம் ஏதோ இருக்கிறது.

கெஃப்லாவிக், இரவு ஒன்றேகால்.
தெனெரிஃபே விமானம் இறங்கியிருந்தது.
தோலுரிந்த மூக்குகள், வைக்கோல் தொப்பிகள்,
வெளியே பனி பக்கவாட்டில் அடிக்கிறதென்று தெரியாமல்
முழங்காலோடு நின்றுபோன கால்சட்டைகள்.
இங்கே பெட்டி வரும் பின்னே, கடை வரும் முன்னே.
வெறுங்கையோடு அதைத் தாண்டி வீடு போன
ஐஸ்லாந்துக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.
ஊருக்குள் அதே புட்டியின் விலையைக் கேட்டால்
குடிக்காமலே போதை இறங்கிவிடும்.
அதனால் தலைக்கு இவ்வளவு என்று விதி.
தொட்டிலில் தூங்கும் பிள்ளையையும்
ஒரு தலையாய் எண்ணச் சொல்லிச் சண்டைக்கு வருவார்கள்.

அவள் தானாக வந்தாள்.
தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.
குத்லாய்க் என்று பெயர்.
"அதிகம் வாங்கிவிட்டேன்."

வழக்கம்போல் வாங்கினாளாம்:
தனக்கு வெள்ளை ஒயின், அவனுக்கு பிராந்தி,
இருவருக்கும் பொதுவாய் உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய்.
கல்லாவில் போகுமிவா, அந்தப் போலந்துப் பெண்,
எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறாள்.
இரண்டு என்றது வாய்.
கார்டைச் செருகி, எண்ணை அழுத்தி,
இந்தக் கதவு வரை வந்த பிறகுதான்
மனசு எண்ணிப் பார்த்ததாம்.

"இன்னொருவர் எங்கே?"
நான்தான் கேட்டேன். கேட்பதுதான் வேலை.

துணிப்பையின் வாயை விரித்துக் காட்டினாள்.
முத்திரையிட்ட சாம்பல் ஜாடி,
ஸ்பானிய மொழியில் நாலு காகிதம்.
ஹால்வர்துர்.
விடுமுறையின் ஒன்பதாம் நாள், நீச்சல்குளத்துப் படிக்கட்டில்.

"தொத்திறைச்சியை என் பூட்ஸுக்குள் திணிப்பான்" என்றாள்.
"முப்பத்தோரு வருஷம். பயந்து பயந்து நடப்பேன்.
பக்கத்தில் இவன் சீட்டியடித்துக்கொண்டு வருவான்.
ஒருநாளும் பிடித்ததில்லை நீங்கள்."

நான் விதிப்புத்தகத்தைத் திறந்தேன்,
அவள் முகத்தைப் பார்க்காமலிருக்க ஒரு சாக்கு.
சாம்பலுக்குத் தீர்வை கிடையாது.
பயணி என்றால் யாரென்று ஒரு பத்தி இருக்கிறது.
மூச்சு விட வேண்டும் என்று
அதில் எங்கும் எழுதவில்லை.

ஒரு புட்டிதானே. நேரமோ ஒன்றரை.
பரவாயில்லை, போங்கள் என்று வாயெடுப்பதற்குள்
பணப்பையை மேசைமேல் வைத்துவிட்டாள்.
"போடு. இந்த ஒரு தடவையாவது
முறையாக ஊருக்குள் வரட்டும்."
கோபமா பிரியமா,
ஸ்கேனரில் போட்டாலும் பிரிந்து தெரியாது அந்தக் குரல்.

போட்டேன்.
காகிதம் சிக்கி இரண்டு முறை அச்சானது.
அவன் பெயரில் தர முடியுமா என்றாள்.
கணினி செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைத்தான் ஏற்கும்;
அவனுடையதன் மூலையை
அங்கேயே தூதரகத்தில் வெட்டிவிட்டார்களாம்.
அடியில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்:
ஹால்வர்துர், பிராந்தி ஒன்று, செலுத்தப்பட்டது.
எழுத்துப் பிழை இருக்கிறதா என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
நாலாய் மடித்து ஜாடிக்கும் பைக்கும் நடுவே செருகினாள்.
மிட்டாயில் ஒன்றை எனக்கு வைத்தாள்.
பணியில் வாங்கக் கூடாது. வாங்கினேன்.

கிறீச்... கிறீச்... தானியங்கிக் கதவு, பனி,
பிறகு ஒன்றுமில்லை.

அப்போது பச்சையில் ஒருவன்
சீட்டியடித்துக்கொண்டு வந்தான்.
விரல் தன்னால் நீண்டது.
திறக்கச் சொன்னேன்.
ஈரம் காயாத நீச்சலுடை.
குளோரின் வாசனை.
அடிவரை கைவிட்டுத் தேடினேன்.
வேறொன்றும் இல்லை.