பதினெட்டாவது மீற்றர்

ஆறில்லை. மலையில்லை.
வரைபடத்தில் எங்கே விரல் வைத்தாலும்
கொஞ்சம் நகர்த்தினால் உப்பு.
பிறகெப்படி வெங்காயம் இப்படிச் சிவக்குது என்று
கொழும்பிலிருந்து வருபவர்கள் கேட்பார்கள்.
என்னிடம் பதிலாய் இருப்பது
நீளமான ஒரு கறுப்பு வயர்,
நுனியில் சுண்டுவிரலளவு உணரி.

நவக்கிரிக்கு அப்பால் தவநேசனின் தோட்டத்தில்
ஒரு பொக்கணை.
யாரும் வெட்டாத கிணறு அது.
மழை சுண்ணாம்புக் கல்லை உள்ளுக்குள் தின்று தின்று
ஒருநாள் கூரையும் இடிந்து விழ,
வெளிச்சம் அந்தத் தண்ணியை முதல்முறை பார்த்தது.
சுவரெல்லாம் சிப்பிகள்,
ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முந்திய
ஏதோ ஒரு மத்தியானத்தில்
வாய் மூட மறந்தபடி.

வயரை இறக்குகிறேன்.
அன்ரன் இலக்கம் வாசிக்கிறான்.
இரண்டு மீற்றர், நல்லது.
ஆறு, நல்லது.
பதின்மூன்று, குடிக்கலாம், தேத்தண்ணிக்குச் சரிவராது.
பதினெட்டில் அவன் வாசிக்கவில்லை,
மீற்றரை இரண்டுதரம் தட்டினான்.

கடல்.
ஐந்து கட்டை தள்ளி அலையடிக்கிற அதே கடல்
இங்கே சத்தமில்லாமல்
வெங்காயப் பாத்திக்குக் கீழே படுத்திருக்கிறது.
அங்கே பெருக்கென்றால் இங்கே
இரண்டு விரற்கடை ஏறும்.
கல்லிலே ஈரக்கோடு பார்த்தேன்.
அதன் முதுகின்மேல் மிதக்கிறது நல்ல தண்ணி:
போன மார்கழி, அதற்கு முந்திய மார்கழி,
கலக்காமல், அவசரப்படாமல்.
நாங்கள் வாளியில் அள்ளுவது
பழைய மழைகளின் ஆடையை.

பித்தளைக் குண்டு கயிறு வழியே ஓடிப்போய்த்
தட்ட, ஆழத்தில் போத்தல் வாய் மூடியது.
மேலே இழுத்து வெயிலில் பிடித்தோம்.
தண்ணிக்குள் தண்ணி நூல் நூலாய் நெளிந்தது,
சீனி கரைகிற மாதிரி.
அந்த நூல்களுக்கிடையில்
ஒன்று நீந்தியது.

நிறமில்லை. அரிசிமணி நீளம்.
கண்ணாடியால் செய்து
குடல் மட்டும் பென்சிலால் கீறியதுபோல்.
அன்ரன் பாஷையூர்க்காரன்,
வலைக்குள்ளே வளர்ந்தவன்.
போத்தலைத் திருப்பினான், திரும்பவும் திருப்பினான்.
"றால்தான்… ஆனா எங்கட றால் இல்லை.
மிஸ், இதுக்குக் கண் எங்க?"

கண் இருக்க வேண்டிய இடம் வழுவழுப்பாய் இருந்தது.
இருட்டில் எத்தனை தலைமுறை கழித்து
கடைசிக் கண் இனி வேண்டாமென்று
உதிர்ந்திருக்கும்?
நாங்கள் பங்கருக்குள் இருந்த இரவுகளில்
இது எங்களுக்குக் கீழே,
எதையும் பாராமல்,
மீசையால் கல்லைத் தடவித் தடவி.

படிவத்தில் ஆழம், உப்பு, வெப்பம், நேரம்.
உயிருக்குக் கட்டமில்லை.
"குறிப்பு" என்ற ஒடுங்கிய பெட்டிக்குள்
'ஒன்று' என்று எழுதி,
மேலே என்ன எழுதுவதென்று தெரியாமல்
போத்தலைத் திரும்ப இறக்கினோம்,
அதே பதினெட்டுக்கு,
மேலே விட்டால் நல்ல தண்ணி அதைக் கொன்றுவிடலாம்.

தவநேசன் கையில் மண்ணோடு வந்தார்.
"உப்பு ஏறிட்டுதோ?"
"இன்னும் இல்லை அண்ணை.
மோட்டர்க் குழாயை மட்டும் ஒரு ரெண்டு மீற்றர்
மேல தூக்குங்கோ."
"ஏன்?"
பயிரைச் சொல்லியிருக்கலாம், கோடையைச் சொல்லியிருக்கலாம்.
"கீழ ஆக்கள் இருக்கினம்" என்றேன்.
குனிந்து, கனநேரம், உள்ளே பார்த்தார்.

அன்று மத்தியானம் புத்தூர்ச் சந்திக் கடையில்
அன்ரன் சோற்றைப் பிசையாமல்
றால் தலை ஒன்றை இலையோரம் ஒதுக்கி
அதன் இரண்டு கறுப்புப் பொட்டுகளையும்
பார்த்துக்கொண்டே இருந்தான்.