ஏழு எண்ணும் வரை

தளியில் மூன்று நாள் பயிற்சி.
அஞ்செட்டியிலிருந்து முதல் பேருந்து.
வளைவில் யானை நிற்கிறதென்று
அரைமணி நேரம் காட்டிலேயே கிடந்தோம்.
வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மை.

கடைசி நாள் மதியம்,
எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம் மடித்த கையோடு
பாதிப்பேர் கைபேசிக்குள் இருந்தபோது
கருத்தாளர் செல்வநாயகி சொன்னார்:
கேள்வி கேட்டதும் மனசுக்குள் ஏழு எண்ணுங்கள்.
அதுவரை யார் பெயரையும் சொல்லாதீர்கள்.

இதற்கா மூன்று நாள் என்றேன்
பக்கத்திலிருந்த ஜாபர் சாரிடம்.
பயிற்சி எப்படி இருந்தது என்ற படிவத்தில்
'சுமார்' கட்டத்தில் டிக் அடித்துவிட்டு
நாலரை வண்டியைப் பிடித்தேன்.

திங்கட்கிழமை, ஏழாம் வகுப்பு.
மூன்றில் இரண்டு பெரிதா,
நான்கில் மூன்று பெரிதா?

ஒன்று.
கோவிந்தராஜின் கை வழக்கம்போல் மேலே.
இரண்டு, மூன்று.
வெளியே யாரோ டிராக்டரைக் கிளப்பப் பார்க்கிறார்கள்,
அது இருமிவிட்டு அடங்குகிறது.
நான்கு.
விரலிடுக்கில் சுண்ணக்கட்டி ஈரமாகிறது.
பதினோரு ஆண்டில்
வகுப்பில் இவ்வளவு நேரம்
நான் சும்மா நின்றதில்லை.
ஐந்து.

ஆறில்
சன்னலோரம் மாதேவியின் உதடு அசைந்தது.
வீட்டில் அவளுக்குக் கன்னடம்.
என் கேள்வி ஒரு மலை இறங்கி
அவள் மொழியில் தண்ணீர் குடித்து
மறு மலை ஏறித்
தமிழாய் வந்து சேர வேண்டும்.
நானோ எப்போதும்
பாதி இறக்கத்திலேயே
விசிலடித்து வண்டியை எடுத்துவிடுவேன்.

"அதில மூணுல ஒண்ணு குறையுது சார்.
இதில கால்தான் குறையுது.
கம்மியா குறையறதுதான் பெருசு."

புத்தகத்தில் அந்த வழி இல்லை.
கோவிந்தராஜ் கையை இறக்கித்
தலையைச் சொறிந்துகொண்டான்.

காலாண்டில் முப்பத்தொன்று வாங்கியவள்
அரையாண்டில் ஐம்பத்திரண்டு.
தலைமையாசிரியர் என் தோளைத் தட்டினார்.
சந்தோஷம்தான்.

அந்தச் சனிக்கிழமை
தேன்கனிக்கோட்டைப் பேருந்து நிலையத்தில்
நஞ்சுண்டன் எதிரே வந்தான்.
பசுமைக்குடிலில் ரோஜா வெட்டும் வேலை,
நான்கு விரலில் பிளாஸ்திரி.
ஆறு வருடத்துக்கு முன் மூன்றாவது பெஞ்சு.
எழுப்புவேன்,
அவன் எச்சில் விழுங்குவதற்குள்
சரி, உட்காரு, அடுத்தது என்பேன்.

நல்லா இருக்கீங்களா சார், என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை.
டீயை ஆற்றிக்கொண்டு
அவன்
காத்திருந்தான்.