பதினேழு மில்லிமீற்றர்

பம்பலப்பிட்டி ஸ்டேஷனுக்கு இறங்கும் ஒழுங்கையில்
ஒரு மதில் இருக்கிறது.
கணித வகுப்பு, அதன்மேல் கண்ணீர் அஞ்சலி,
அதன்மேல் தேர்தல் சிரிப்பு,
அதன்மேல் திரும்பவும் கணித வகுப்பு:
ஆசிரியருக்கு இப்போது தாடி.
ஒட்டுகிறவர்கள் மட்டும் வருகிறார்கள்.
கிழிக்க ஒருவரும் வருவதில்லை.
மழைக்கு மதில் ஊதுகிறது.

எனக்கு மாதாமாதம் வராது.
பங்குனியில் வந்தால் அடுத்தது ஆவணி.
சில வருஷம் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் மட்டும்,
வெளிநாட்டு உறவுக்காரர் மாதிரி.
தாடையில் மயிர்.
கழுத்து மடிப்பில்
எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறுப்பு.

கலியாணத்துக்குப் பிறகு
கொள்ளுப்பிட்டியில் ஒரு டொக்டர், நாரஹேன்பிட்டியில் ஒருவர்,
சானல் பண்ணி, இலக்கம் நாற்பத்திமூன்று, இரவு பத்தரை.
முட்டை வெடிக்கவேணும், வெடித்தால் பிள்ளை என்றார்கள்.
ஏழு வருஷம் எல்லாரும் முட்டையைப் பற்றியே கதைத்தோம்.
அது வந்து தங்கவேண்டிய அறையைப் பற்றி
ஒரு சொல் இல்லை.

பிறகு காசு முடிந்தது.
காலிமுகத்தில் இறால்வடை தின்றபடி
பிள்ளை வேண்டாம் என்று நானும் அகிலேசனும் முடிவெடுத்தோம்.
அன்றோடு டொக்டர்மாருக்கும் எனக்கும் கதை இல்லை.
பிள்ளை வேண்டாதவளுக்குக் கருப்பை என்ன கணக்கு?
நானும் மறந்தேன்.

சந்தோஷமாகத்தான் மறந்தேன், பொய் சொல்வானேன்.
எட்டு மாதம் துணி இல்லை, வலி இல்லை,
நாள் எண்ணாமல் வெள்ளிக்கிழமை கோயில்.
ஆடிவேலுக்கு மாமி என்னைத்தான் முன்னுக்கு விட்டா.
"இவளுக்கு ஒரு தொந்தரவுமில்லை, எப்பவும் சுத்தம்."
அந்தச் சுத்தத்துக்குள்
ஒட்டுகிறவர்கள் வந்தபடி இருந்தார்கள்.

நாற்பத்தியொரு வயதில் ஒருநாள் வந்தது.
நிற்கவில்லை.
பத்தொன்பதாம் நாள் நூறாம் இலக்க பஸ்ஸில்
எழும்பப் பயந்து, வெள்ளவத்தையில் இறங்காமல்
பாணந்துறை வரைக்கும் போனேன்.

களுபோவிலவில் ஸ்கான்.
டொக்டர் சின்னப் பிள்ளை. சிங்களத்தில் தொடங்கி
என் முகத்தைப் பார்த்து மெதுவானா.
கிளினிக் கார்டின் பின்பக்கம் ஒரு பேரிக்காய் கீறினா.
ஒரு ஹோர்மோன் கட்டும், மற்றது இறக்கும்.
முட்டை வெடிக்காட்டி இறக்கிறது வராது.
உங்களுக்குக் கட்டினது மட்டும்தான் நடந்திருக்கு.
பதினேழு மில்லிமீற்றர்.

எனக்குத் தாடி வைத்த கணித ஆசிரியர்
ஞாபகம் வந்தார்.

துண்டெடுத்து அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள்.
நூற்றிமுப்பத்தெட்டாம் பஸ் கடக்கும்போதெல்லாம்
மகரகம என்ற பலகையை விட்டு
செருப்பைப் பார்த்தேன்.

றிப்போட்டில் நீளமான ஒரு சொல்.
புற்று இல்லை. அதற்குப் போகிற ரோட்டில் ஒரு ஹோல்ட்.
"கனபேர் அங்க போறதில்ல," என்றா.
"ஆனா மற்றாக்களவிட உங்களுக்கு வழி கிட்ட.
மூன்று மாதத்துக்குமேல் வராமல் விடக்கூடாது,
வராட்டி வரவைக்கவேணும்.
யாராவது சொல்லியிருக்கவேணும்."
மன்னிப்புக் கேட்கிற குரல்.
சொல்லாமல் விட்டவர்களில்
இந்தப் பிள்ளை ஒருத்தி இல்லை.

ஆறு மாதம் குளிசை. பிறகு இன்னொரு துண்டு.
இடையில் ஒரு காலை, மாநகரசபை ஆள் ஒருவர்
மதிலைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார்.
கழன்று விழுந்த துண்டு விரல் தடிப்பு.
விளிம்பில் எண்ணிப்பார்த்தேன், பாதியில் ட்ரெயின் வந்துவிட்டது.
அடியில் மதில் பச்சை நிறம்.

நேற்று ஸ்டொக் எடுக்கும்போது சஜ்லா சொன்னாள்,
இருபத்திநாலு வயசு, தாடையில் பவுடர் திட்டு:
"அஞ்சு மாசமா இல்ல அக்கா, பெரிய நிம்மதி."
பேனையை மூடிவைத்தேன்.
கதவைச் சாத்தவில்லை,
குரலையும் தாழ்த்தவில்லை.
முதலாளி எதையோ தேடுகிறவர்போல
எழும்பி வெளியே போனார்.