எந்த எமிரேட்

இந்த நடைபாதை ஷார்ஜா.
எதிரே கரக் டீக்கடை துபாய்.
நடுவில் ஒரு சிக்னல், எந்த அரசின் பச்சையோ.

லூர்துராஜுக்கு விசா அஜ்மானில்,
சாரம் கட்டியது துபாயில்,
கட்டில் இங்கே, பன்னிரண்டு பேர் அறையில்.
"ஓடிப்போயிட்டானாம் அண்ணே நான்.
சாரத்த விட்டு எறங்குனேன், அவ்வளவுதான்.
ஆறு மாச சம்பளம் கேட்டேன்."

காவல் நிலையம்: இது ஃபெடரல், எங்கள் கையில் இல்லை.
ஃபெடரல் அலுவலகம்: புகார் அஜ்மானில், அங்கே போ.
அஜ்மான்: பிடிபட்டால் பிடித்த இடத்தில் பேசு.

ஃபெடரல் என்றால் என்ன என்கிறான்.
மத்திய அரசா, ஒன்றிய அரசா?
ஊரில் அதற்கே டீக்கடையில் சட்டை கிழிந்திருக்கிறது.
அபராதம், என்றேன்.
அது மட்டும்தான் எல்லை பார்க்காமல்
ஏழு ஊரிலும் ஒரே வேகத்தில் ஏறுகிறது.

படிவத்தில் ஏழு பெயர். ஒன்றைத்தான் தொடலாம்.
எதிர்ப்பக்கம் ரோந்து வண்டி நின்றது.
நாற்காலியைக் கொஞ்சம்
உள்ளே இழுத்துக்கொண்டான்,
ஏதோ அந்த ஒரு முழம் வேறு நாடு மாதிரி.

தட்டச்சுக்குப் பதினைந்து திர்ஹம். வாங்கிக்கொண்டேன்.
'ஓடிப்போனவர்' புகார்களும் இங்கேதான் அடிக்கிறேன்,
மாதம் முப்பது நாற்பது.
பெயர்கள் நினைவில் நிற்பதில்லை.