கண்கொள்ளும் அளவு

மார்ச் மாதம் முழுக்க
காஸல் நகரத்து எங்கள் அடுக்களை மேசையில்
பதினோரு வீடுகள் பார்த்தோம், தேநீர் ஆற ஆற.
முதல் வீட்டில் "கடல் காட்சி" என்றிருந்தது.
இரண்டாவதில் "பக்கவாட்டுக் கடல் காட்சி".
கம்பியைப் பிடித்துக்கொண்டு
கழுத்தை வெளியே நீட்டினால், என்றாள் பிர்ட்டே,
ஒரு காலையும் தூக்கினால்.
நான்காம் வீட்டுக்காரர் நேர்மையாளர்:
"கடல் ஐந்து நிமிட நடை. இரவில் கேட்கும்.
பார்க்க முடியாது."

நான் ஆசைப்பட்டது ஒன்பதாவது.
மேற்கே சுவரே இல்லை, ஒரே கண்ணாடி.
மூன்று தீவுகள், ஒரு கலங்கரை விளக்கம்,
படகு கிளம்புவதிலிருந்து
புள்ளியாய்த் தேய்வதுவரை
சோபாவை விட்டு எழாமல் பார்க்கலாம்.
வாரத்துக்கு ஆயிரத்து நானூறு யூரோ.
கண்கொள்ளாக் காட்சி, என்றேன்.
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

என் தங்கையின் பார்வை
ஓரங்களிலிருந்து மூடி வருகிறது.
போன வருடம் பாதி திறந்த கதவளவு.
இந்த வருடம் மருத்துவர்
மருந்துச் சீட்டைச் சுருட்டிக் காட்டினார்: இவ்வளவு.
உப்பு தெரிந்தால் மிளகு தெரியாது.
நான் பேசும்போது என் வாயைப் பார்க்கிறாள்,
பிறகு மேலே ஏறி வந்து
கண்ணைத் தேடுகிறாள்.

"ஆயிரத்து நானூறா?" என்றாள்.
"என் பங்குக் கடலுக்கு எழுபது போதும்."
சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
அதற்காக என்னைத் திட்டினாள்.

அவள் தேர்ந்தது பதினொன்றாவது,
மோம்சென் அம்மாளின் வீடு, கடலணைக்குப் பின்னால்.
படங்களில் ரொட்டி வாட்டி, முட்டைக் கிண்ணங்கள் ஆறு,
கோடு போட்ட திரைச்சீலை.
கூடத்துச் சன்னலில் அணையின் புல்மேடு,
அதன்மேல் ஓர் ஆட்டின் பின்புறம்.
எல்லாவற்றுக்கும் கீழே, சொல்ல வெட்கப்பட்டதுபோல்:
"மாடிக் குளியலறையில் கடல் தெரியும். சிறியது."
சிறியது கடலா, சன்னலா என்று எழுதிக் கேட்டேன்.
இரண்டும், என்று பதில் வந்தது.

ஜூனில் போனோம்.
சாவி தந்த கையோடு மோம்சென் அம்மாள் சொன்னார்,
"தண்ணீர் இப்போது இல்லை. ஏழு மணிக்குமேல் வரும்",
கடைக்குப் போன கணவரைப் பற்றிச் சொல்வதுபோல்.
அணை ஏறிப் பார்த்தேன்.
அடிவானம் வரைக்கும் சேறு.
காசு கொடுத்து வாங்கிய சேறு.
எதிர்காற்று. ஆட்டுப் புழுக்கை.
ஒன்பதாம் வீட்டின் கண்ணாடியை நினைத்துக்கொண்டேன்,
அதற்கு வெளியேயும்
இதே சேறுதான் என்பது எட்டவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் பிர்ட்டேவைக் காணோம்.
மாடிக் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது.
தட்டினேன்.
"இரு, வருகிறது."
எது?
"வாய்க்கால் வழியாக முதலில். ஒரு விரல் அகலம்.
முளைக்கம்புகள் ஒரு வரிசை, பதினேழு.
சிவப்பு மூக்கோடு ஒரு பறவை,
இடப்பக்கம் போய்விட்டது.
இல்லை, இதோ, திரும்பிவிட்டது.
கால் நனைகிறது அதற்கு.
ஐந்தாவது கம்பு போயிற்று.
ஆறாவது."

துணி கூடையைக் கவிழ்த்து
அதன்மேல் ஏறி நின்றிருப்பாள்.
ரொட்டிப் பலகையளவு சன்னல் அது,
சாயங்காலமே பார்த்திருந்தேன்,
பார்த்து, தாழ்ப்பாள் துருவேறியிருக்கிறது
என்பதை மட்டும் கவனித்திருந்தேன்.

"உனக்கு உள்ளே வரணுமா?" என்றாள்,
கம்பு பதினொன்றில்.

கையில் பற்பசை, தோளில் துண்டு,
ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றேன்.
அவசரமில்லை என்றேன்.
இருந்தது.